பதினெட்டாவது கன்று

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பதினெட்டு வேலிக்கன்றுகளின் தலையை வெட்டியது. பதினேழைத்தான் வெட்டினோம்.

மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. லிபெர்த்தாத் தெருவில், அப்பா வேலை செய்த சிஞ்ஞோரா எல்விரா வீட்டின் முன்தோட்டம். கன்றுகள் பித்தோஸ்போரோ என்ற செடி. இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில், பாதி வீடுகளுக்கு அதுதான் வேலி. தடித்த இலை, கடற்காற்றுக்கு வாடாது. ஏப்ரல் முடிவில் வெள்ளையாகப் பூக்கும், தோடம்பூப் போல மணக்கும். நவம்பரில் அப்பாவே நட்டவை.

நூலின் ஒரு நுனியை நான் பிடித்தேன். மறுநுனியை முளையில் கட்டியிருந்தார். என் தொழில் லிப்ற் திருத்துவது. மட்டம் பார்க்க லேசர் கருவி கொண்டுபோயிருந்தேன். அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உன்ரை சிவப்புக் கோட்டை விட என்ரை நூல் நல்லது," என்றார். "பற்றறி முடியாது."

"நூல் தொய்யும், அப்பா."

"இறுக்கிப் பிடிச்சால் ஏன் தொய்யுது? லிப்ற்றுக் கம்பியையும் இப்பிடித்தான் பிடிக்கிறனியோ?"

அவர் லிப்ற்றில் ஏறுவதில்லை. நான் வேலைக்குப் போய் ஒன்பது வருடம். நான் திருத்திய ஒன்றில்கூட அவர் ஏறியதில்லை. கதவு சாத்தினால் மூச்சு முட்டும் என்பார். ஆறாம் மாடி என்றாலும் படிதான்.

நவம்பருக்குப் பிறகு வந்த தளிரில் பாதியை வெட்டினார். ஒவ்வொரு வெட்டும் இலைக்கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக. நுனி இருக்கும்வரை கீழுள்ள மொட்டுகள் எழும்பாது. நுனியை எடுத்தால் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகக் கிளைக்கும். நான் அதை வாசித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா வேறு மாதிரிச் சொன்னார்.

"மேலை போற வழியை மறிச்சால்தான் பக்கத்துக்கு வரும்."

பக்கத்துக் கட்டடத்தில் வாசல் பார்க்கும் சுவாம்பிள்ளை மாமா நடைபாதையில் வந்து நின்றார். அப்பாவின் ஊரவர், ஒரே கோயில்.

"என்ன கிறிகோரி, திரும்பவும் மொட்டையோ? மடு மாதாவுக்கு நேத்தி வைச்சனியோ?"

"ஓம். உன்ரை தலையிலை ஒண்டும் மிச்சமில்லை. அதாலை இதுக்கு அடிக்கிறன்."

"தொத்தோரே பாத்தாரெண்டால் உன்னைத்தான் வெட்டுவார்."

அப்பா சிரிக்கவில்லை. மாடி யன்னலைப் பார்த்தார். தொத்தோரே என்றது சிஞ்ஞோராவின் மகன் கொர்ராதோவை, அவர் மேல்மாடியில் இருந்தார். யன்னல் சாத்தியிருந்தது. அப்பா மீண்டும் குனிந்தார். கத்தரியின் சத்தம் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் கேட்டது.

பதினேழாவது முடிந்தது. பதினெட்டாவதன் முன்னால் சிஞ்ஞோரா நின்றார். எண்பத்துநான்கு வயது, நாற்பத்தொரு கிலோ. ஒரு கொப்பைக் கன்னத்தோடு வைத்திருந்தார். அதன் நுனியில் பூமொட்டுகள் கட்டியிருந்தன.

"இதற்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, கிரெகோரியோ," என்று இத்தாலியனில் சொன்னார். "பிறகு வெட்டு."

நவம்பரிலும் இதே கன்றைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். அப்போது அப்பா, மார்ச்சில் பார்ப்போம் என்று விட்டார். இப்போது என்னைப் பார்த்தார்.

"வெட்டுங்கோ, அப்பா. ரெண்டு நாளிலை மறந்துபோவா."

"அவ மறப்பா. வெட்டினது நானெல்லோ." கத்தரியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பூ கொட்டட்டும். மே கடைசியிலை ஒரேயடியா முழங்காலுக்கு இறக்கிறன்."

நான் நூலைச் சுற்றினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. லிப்ற்றில் பதினேழு போல்ற் இறுக்கி ஒன்றை விடுவதில்லை. ஆனால் சொல்லவில்லை. சனிக்கிழமை, பசி.

அப்பாவின் பெயர் கிறிகோரி. மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். தொண்ணூறில் படகில் இராமேஸ்வரம், இரண்டு வருடம் முகாம், பிறகு பலெர்மோ. முதலில் வுச்சீரியாச் சந்தையில் மீன்பெட்டி தூக்கினார். பிறகு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து சிஞ்ஞோரா எல்விரா வீடு. அப்போது அவருடைய கணவர் இருந்தார். கணவர் போனபின், மகன் மேல்மாடிக்கு வந்தார். சிஞ்ஞோராவுக்கு மறதி தொடங்கியது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவரைப் பார்ப்பது, சாப்பாடு, மருந்து, தோட்டம் எல்லாம் அப்பாதான். நாங்கள் இருந்தது போர்கோ வெக்கியோவில், நாலாம் மாடி, லிப்ற் இல்லாத வீடு. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் பயந்தவர். இதை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. கடித உறை வந்தால் திறக்கமாட்டார், நான் வரும்வரை மேசையில் கிடக்கும். அனுமதி புதுப்பிக்கப் பொலிஸ் அலுவலகம் குவெஸ்தூராவுக்குப் போகும் நாளில் சாப்பிடமாட்டார். முப்பது வருடம் கழித்தும், நிரந்தர அனுமதி கையில் வந்த பிறகும், சீருடையைக் கண்டால் நடைபாதை மாறுவார். ஆனால் அந்தப் பயங்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். எந்த நாளும் விடாமல் வந்த பயம் ஒன்றுதான். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு.

அந்த நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். யன்னல்களும் சாத்தியிருக்கும். தெருவில் நாய்கூட நிற்காது. அப்போதுதான் சிஞ்ஞோரா எழும்பி நடப்பார்.

முந்தைய வருடம் ஜூனில் அது நடந்தது. தோட்டத்துக்கு வாசல் ஒன்று, எப்போதும் பூட்டியிருக்கும். தெருப்பக்கம் ஒரு சாண் உயரக் கல்விளிம்பும் வேலியும்தான். கம்பிவேலி போடக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கூட்டத்தில் சம்மதிக்கவில்லை, முகப்பின் அழகு கெடுமாம். அப்போது இருந்தது பழைய வேலி. பதினாலு வருடம் அப்பா வெட்டி வளர்த்தது. அதில்தான் பிழை.

எங்கள் ஊர்ப்பக்கம் வேலிக்குக் கதியால் தடி நடுவார்கள். அது உயிர்பிடித்து மேலே தழைக்கும். தழைத்ததை வருடத்துக்கு ஒருமுறை தறிப்பார்கள். அடியை ஓலையால் அடைப்பார்கள். கதியால் கீழே கிளைத்தால் என்ன, கிளைக்காவிட்டால் என்ன, அடைக்க ஓலை இருக்கிறது. அப்பா பித்தோஸ்போரோவையும் அப்படியே வெட்டினார். மேலே மட்டும். வருடாவருடம், தோளுயரத்தில், கத்தியால் சீவியதுபோல. மேற்பக்கம் சுவர் மாதிரி இறுகியது. நிழல் விழுந்து அடி இலையெல்லாம் கொட்டியது. இடுப்புக்குக் கீழே வெறும் தண்டுகள். நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. தவழ்பவருக்குத் தெரியும்.

அன்று இரண்டே முக்காலுக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. நான் லிப்ற் கூண்டின் மேல் நின்றிருந்தேன்.

"பிள்ளை, சிஞ்ஞோராவைக் காணேல்லை."

"எவ்வளவு நேரமா?"

"தெரியேல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதை."

"தொத்தோரேக்குச் சொல்லுங்கோ, அப்பா."

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார். ஓடிக்கொண்டே கதைத்தார். மூச்சு இரைந்தது.

நாற்பது நிமிடம் அவர் என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. பொலித்தேயாமா அரங்கின் பக்கம் பெருந்தெருவின் நடுவில் சிஞ்ஞோரா நின்றார். ஒரு காலில்தான் செருப்பு. முழங்கால் இரண்டும் மண். கார்கள் அவரைச் சுற்றிப் போயின. ஒரு பஸ் ஓட்டுநர் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். அப்பா போய்க் கையைப் பிடித்தபோது சிஞ்ஞோரா சொன்னாராம்: "நீ ஏன் இப்படி வேர்த்திருக்கிறாய்?"

கொர்ராதோ சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது என்று அப்பா சொன்னார். "உன்மேல் குற்றம் இல்லை, கிரெகோரியோ. ஆனால் இன்னொரு முறை நடந்தால் அம்மாவை முதியோர் இல்லத்தில் விடுவேன்."

சிஞ்ஞோராவுக்கு அந்த இல்லம் தெரியும். அவருடைய அக்கா அங்கே பதினொரு மாதம் இருந்து செத்தவர். மறதி தொடங்கிய முதல் மாதத்தில், தலை தெளிவாக இருந்த ஒரு காலையில், அப்பாவைச் சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்: என்னை அங்கே கொண்டுபோக விடாதே. அப்பா ஓம் என்று சொல்லிவிட்டார். ஒரு வேலைக்காரன் அப்படி வாக்குக் கொடுக்கலாமா என்று பிறகு அம்மா கேட்டார்.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டு மேசையில் கையை வைத்தபடி இருந்தார். "இஞ்சை ஓலை இல்லை எண்டதை நான் யோசிக்கேல்லை," என்றார்.

பழைய வேலியைத் தோண்டி எடுக்க அவரே கேட்டார். நவம்பரில் புதுக்கன்றுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீற்றர். நட்ட அன்றே, பதினெட்டாவதைத் தவிர, பாதிக்கு வெட்டினார். கொர்ராதோ இறங்கி வந்தார்.

"உயரமான கன்று கேட்டு வாங்கினேன். நீ அதைக் குட்டையாக்கிவிட்டாய்."

அப்பாவின் இத்தாலியன் சமையலுக்கும் மருந்துக்கும் போதும். இதற்குப் போதவில்லை. நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன்: அடி அகலம், நுனி ஒடுக்கம், எல்லா இலைக்கும் வெளிச்சம். உயரம் பிறகு வரும், அடி பிறகு வராது என்றேன். கொர்ராதோ தாளை நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு காலம்?" என்றார். "இரண்டு வருடம்," என்றேன். அவர் தாயைப் பார்த்தார். தாய் பதினெட்டாவது கன்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வருடத்துக்கு அப்பா ஒரு வழி செய்தார். துறைமுகத்தில் தெரிந்த ஒருவரிடம் கிழிந்த நைலோன் வலைத்துண்டு வாங்கினார். எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து அதைப் பொத்தினார். வேலியின் உள்பக்கம், தரையிலிருந்து இடுப்பு வரை, முளைகளில் இழுத்துக் கட்டினார். பச்சைக்குள் பச்சை, தெருவுக்குத் தெரியாது. தூண்டில் நுனியில் மீன் கடிப்பதை அறியக் கட்டும் சிறு மணிகள் ஆறு வாங்கி, மூன்று கன்றுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார். இரண்டிலிருந்து நாலு வரை சிஞ்ஞோரா வீட்டுக் குசினி யன்னலைத் திறந்துவைத்து அதன் கீழே உட்கார்ந்திருப்பார். வானொலி போடமாட்டார். காற்றடித்தாலும் எழும்பிப் போவார்.

ஒவ்வொரு ஞாயிறும் தரையில் படுத்து வேலியின் அடியைப் பார்ப்பார். சுவாம்பிள்ளை மாமா கண்டால் விடமாட்டார். "கிறிகோரி, நித்திரையெண்டால் வீட்டை போய்ப் படன்." அப்பா எழும்பமாட்டார். அவர் வெளிச்சத்தைத் தேடினார். எங்கே மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஒரு குச்சி நடுவார்.

"வெளிச்சம் தெரிஞ்சால் கை போகும்," என்பார். "கை போனால் தோள் போகும். தோள் போனால் ஆள் போகும்."

ஏப்ரல் நடுவில் குச்சிகள் ஏழு. மே தொடக்கத்தில் மூன்று. வெட்டிய பதினேழும் கேட்டபடி செய்தன. அடியிலிருந்தே நாலு, ஐந்து கிளை, கையை நீட்டினால் இலை திருப்பித் தள்ளும். வெட்டாத ஒன்று மட்டும் என் தோளளவு போய்விட்டது. அதன் அடி வெறுமை. கடைசி மூன்று குச்சிகளும் அதன் கீழேதான் நின்றன.

அதுதான் பூத்தது. மற்றவை வெட்டுப்பட்டதால் அந்த வருடம் பூவில்லை. தோட்டம் முழுவதற்கும் மணம் அந்த ஒரு கன்றிலிருந்து வந்தது. சிஞ்ஞோரா வேறெங்கும் போவதில்லை. தினமும் பிற்பகல் அதன் முன்னால் போய் நின்றார். முகத்தை உள்ளே வைத்தார். வேலியில் இருந்த ஒரேயொரு ஓட்டைக்கு அவரை அந்தப் பூவே கூட்டிக்கொண்டுபோனது. அதை விட்டுவைத்தவர் குசினி யன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் மூன்றாம் கிழமை, புதன். அப்பா தொலைபேசியில் சொன்னார். "பூ கொட்டத் தொடங்கிற்று. சனி வா. மிச்சத்தையும் முடிப்பம்."

"சனி எனக்கு வேலை வரும்போலை கிடக்கு. பாத்துச் சொல்லுறன்."

"ஓம். பாத்துச் சொல்லு. நூல் பிடிக்க ஆள் வேணும்."

ஒரு கன்றுக்கு நூல் தேவையில்லை. அது அவருக்கும் தெரியும்.

வியாழன் காலை ஏழேகாலுக்கு அப்பா வேலைக்கு இறங்கினார். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தார். அம்மா, அகஸ்ரீனா, பின்னால் குப்பைப் பையுடன் இறங்கியவர், சப்பாத்து நாடா கட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார். கையில் சிஞ்ஞோரா வீட்டு வாசல் பூட்டின் திறப்பு இருந்தது. அறுபத்தைந்து வயது. இதயம் என்றார்கள். முப்பது வருடப் படிகள் என்று நான் நினைத்தேன்.

ஏழாம் நாள் பூசைக்குக் கொர்ராதோ வந்தார். கோயில் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்தார். பிற்பகலுக்கு யாராவது வரமுடியுமா என்று கேட்டார். மாதக் கடைசி வரை. அதற்குப் பிறகு இல்லத்தோடு கதைக்கவேண்டியிருக்கும் என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"என்னாலை அந்த வேலியைப் பாக்கேலாது," என்றார் அம்மா. "நீ போ, கிளறா."

நான் விடுப்பு எடுத்துப் போனேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள், இரண்டரை மணி. குசினி யன்னலின் கீழே, அப்பாவின் கதிரையில் இருந்தேன். தெரு செத்துக் கிடந்தது. சிஞ்ஞோரா உள் அறையில் படுத்திருந்தார், பத்து நிமிடத்துக்கு முன் பார்த்தேன். லிப்ற்றில் ஒரு பிறேக் பிடிக்காவிட்டால் இன்னொன்று பிடிக்கும், அப்படித்தான் கட்டியிருக்கும். இங்கே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு வலை. ஆறு சிறு மணிகள். நான்.

மணி அடித்தது.

காற்று இல்லை. இலை அசையவில்லை. மணி திரும்பவும் அடித்தது, இந்த முறை விடாமல், மீன் இழுப்பதுபோல. நான் ஓடினேன். உள் அறைக் கதவு திறந்திருந்தது. படியில் ஒரு செருப்பு.

பதினெட்டாவது கன்றின் அடியில் சிஞ்ஞோரா முழங்காலில் இருந்தார். வலையின் கீழ்க் கயிற்றை முளையிலிருந்து கழற்றிவிட்டார். தலையும் வலது தோளும் அந்தப்பக்கம். இடது தோளில் வலை சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கல்விளிம்புக்கு அப்பால், நடைபாதையில் ஏறிவந்த ஒரு ஸ்கூட்டர் அவருடைய கைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். எடையே இல்லை. அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

"எங்கே போகிறீர்கள், சிஞ்ஞோரா?"

"கிரெகோரியோ வெளியே போனான். இன்னும் வரவில்லை." என் முகத்தைப் பார்த்தார், நான் யாரென்று யோசித்தார். "அவனுக்கு வழி தெரியாது. கூட்டிக்கொண்டுவரப் போகிறேன்."

அவருடைய கன்னத்தில் கீறல். முடியில் காய்ந்த வெள்ளைப் பூக்கள். நான் மேல்மாடி யன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. கீறலைத் துடைத்தேன். முழங்கால் மண்ணைத் துடைத்தேன். செருப்பைப் போட்டுவிட்டேன். கொர்ராதோவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். நாற்பது நிமிடம் கழிந்தது. சொல்லவில்லை. அப்பாவை அந்த ஜூனில் எப்படித் திட்டினேன் என்று நினைவு வந்தது.

கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பிறகு தரையில் படுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னபடியே இருந்தது. பதினேழு கன்றின் கீழும் இருட்டு. கடைசி ஒன்றின் கீழே, மூன்று குச்சிகளுக்கு நடுவில், தெரு முழுவதும் தெரிந்தது.

இன்றே வெட்டினால் செப்ரெம்பரில் அடி மூடும். வெட்டாமல் விடும் ஒவ்வொரு கிழமைக்கும் அது இன்னும் தள்ளிப்போகும். தோட்ட அறையில் கத்தரியைத் தேடினேன். மண்வெட்டி, நூல், மிஞ்சிய வலை, வலைப்பின்னும் ஊசி. கத்தரி இல்லை. குசினிக் கத்தரிக்கோலால் ஒரு தண்டை வெட்டிப் பார்த்தேன். தோல் நசிந்து கிழிந்தது. விட்டுவிட்டேன்.

மாலை, வீட்டில், ஆஸ்பத்திரியில் தந்த பையை அம்மா முதல்முறையாகத் திறக்க விட்டார். சட்டை, பெல்ற், சப்பாத்து. சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு கடதாசித் துண்டு. வுச்சீரியாவில் மீன்கடைக்காரரின் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் கிழவர் ஒருவர் இருக்கிறார், அவர் எழுதிக் கொடுத்த ரசீது. அப்பா எந்தக் கத்தியையும் அவரிடம்தான் கொடுப்பார்.

அதில் பென்சிலால் எழுதியிருந்தது: கிரெகோரியோ. கிளை வெட்டும் கத்தரி, ஒன்று. வெள்ளி, பத்து மணிக்குப் பிறகு வந்து எடுக்கவும்.